ஒருவர் வெளியேறினால் மிச்சப் பேருக்குப் பலம் கூடுமா?

வாசகர் கேள்வி, மார்ச் 3

பிரிட்டன் போனபிறகு ஐரோப்பிய ஒன்றியத்தில் மிச்சமிருக்கும் 27 நாடுகளுக்கும் ஆளுக்குக் கொஞ்சம் பலம் கூடியிருக்க வேண்டும். 28-இல் ஒரு பங்கு, 27-இல் ஒரு பங்கு ஆகிவிட்டது. 1965-இல் சிங்கப்பூர் மலேசியாவை விட்டுப் போனதில் சபா, சரவாக் மாநிலங்களுக்கும் அதே லாபம்தான். இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?

மார்ச் 3, இரவு

நிறைய இருக்கிறது.

ஒரு தீர்மானம் நிறைவேற இத்தனை ஓட்டு வேண்டும் என்று ஒரு கோடு போட்டிருப்பார்கள். ஒருவர் கிளம்பினால் அந்தக் கோடும் கூடவே இறங்கும். யாரால் தனியாகவே அதைத் தாண்ட முடிகிறது என்று பார்க்காமல் பங்கை மட்டும் வகுத்துப் பார்த்தால் கணக்கு காலை வாரிவிடும்.

1963 செப்டம்பர் 16-இல் மலேசியா உருவானபோது மக்களவையில் 159 இடம். மலாயா, அதாவது தீபகற்பம், 104, கடலுக்கு அந்தப் பக்கம் போர்னியோத் தீவில் இருக்கும் சரவாக் 24, சபா 16, பிறகு சிங்கப்பூர் 15. அரசியலமைப்பைத் திருத்த மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 106 வேண்டும். மலாயா உறுப்பினர்கள் ஒருவர் விடாமல் கை தூக்கினாலும் 104தான். இரண்டு குறையும். வெளியே போய் யாரையாவது கேட்டே ஆகவேண்டும்.

சிங்கப்பூர் போனதும் 144 இடம். மூன்றில் இரண்டு பங்கு 96. மலாயாவிடம் அதே 104. எட்டு ஓட்டு கையில் மிச்சம்.

இப்போது சபா, சரவாக்கைப் பாருங்கள். இருவருக்கும் சேர்த்து 40 இடம். 159-இல் 40 என்றால் 25 சதவீதம். 144-இல் 40 என்றால் ஏறக்குறைய 28. கேள்வி கேட்டவர் சொன்னபடி பங்கு ஏறியிருக்கிறது. ஏறிய அதே நாளில், சிங்கப்பூரின் 15-ஓடு சேர்ந்து 55 ஆக நின்று தடுக்கும் சக்தி போய்விட்டது.

மார்ச் 4, காலை

கிள்ளான் தம்பி ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார்: "அந்த 55 இடம் மலாயாவுக்குப் போட்ட கடிவாளம் அண்ணே, அதை வேண்டுமென்றே அறுத்தார்கள்."

கடிவாளம் என்றால் யாராவது பிடித்திருக்க வேண்டுமே தம்பி. அந்த 55 பேரும் ஒரு நாளாவது ஒரே பக்கம் உட்கார்ந்ததாக எனக்குத் தெரியவில்லை. சபா, சரவாக், சிங்கப்பூர் உறுப்பினர்களை அப்போது மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கவில்லை. அந்தந்தச் சட்டமன்றங்கள் அனுப்பிவைத்தன. போர்னியோவிலிருந்து வந்தவர்களில் பெரும்பாலோர் ஆளும் கூட்டணிக்காரர்கள், பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மானோடு இருந்தவர்கள். சிங்கப்பூரின் 15-இல் 12 மக்கள் செயல் கட்சி, 3 பாரிசான் சோசியாலிஸ். அந்த இரண்டு கட்சியும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காத காலம் அது.

காகிதத்தில் மட்டும் இருந்த தடை. ஆனால் காகிதத்தில் இருந்தாலும், எதிரில் இருப்பவன் கதவைத் தட்டிக் கேட்டுவிட்டுத்தானே நுழைய வேண்டியிருந்தது.

மார்ச் 4, மதியம்

காலையில் எழுதியதைச் சாப்பாட்டு நேரத்தில் இன்னும் கொஞ்சம் கிளறிப் பார்த்தேன். தோட்ட ஆபீஸில் கணக்கு எழுதின பழக்கம், ஒரு தொகையைக் கண்டால் பிரித்துப் பார்க்காமல் விடமாட்டேன்.

'மலாயாவின் 104' என்று மொத்தமாகப் பேசுகிறோம். அந்த 104-உம் ஒரே கட்சியா? 1964 தேர்தலில் கூட்டணி வென்றது 89. மிச்சம் 15 எதிர்க்கட்சி: இஸ்லாமியக் கட்சியான பாஸ் 9, சோசலிஸ்ட் முன்னணி 2, ஈப்போவின் மக்கள் முற்போக்குக் கட்சி 2, ஐக்கிய ஜனநாயகக் கட்சி 1, மக்கள் செயல் கட்சி 1. ஆக, தீபகற்பத்து 89 பேரை மட்டும் வைத்திருந்த துங்குவுக்கு, சிங்கப்பூர் இருக்கும்வரை வெளியிலிருந்து 17 ஓட்டு தேவை. போனபிறகு 7 போதும். சபா, சரவாக்கிலிருந்து 17 பேரைத் திரட்டுவதும் 7 பேரைத் திரட்டுவதும் ஒன்றா? 7 பேருக்கு ஒரு மந்திரி பதவி, இரண்டு துணை மந்திரி பதவி கொடுத்தால் காரியம் முடிந்தது.

இந்தக் கோணத்தில் பார்த்தால் பலம் 'மலாயா'வுக்குப் போகவில்லை. கோலாலம்பூரில் ஆட்சியில் இருந்த கட்சிக்குப் போனது. தீபகற்பத்து எதிர்க்கட்சிக்காரர்களும் போர்னியோக்காரர்களும் ஒன்றாகத்தான் நஷ்டப்பட்டார்கள்.

மார்ச் 5

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டக் கோயில் கமிட்டிக் கதை ஒன்று சொல்கிறேன், இந்த விஷயம் எனக்குப் புரிந்ததே அதில்தான்.

லயன் என்றால் தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசை. மேல் லயன், கீழ் லயன், ஆஸ்பத்திரி லயன் என்று மூன்று கோஷ்டி. திருவிழாத் தேதியை மாற்ற மூன்றில் இரண்டு பங்கு ஆட்கள் சம்மதிக்க வேண்டும். கீழ் லயன்காரர்களுக்கு எல்லாரோடும் சண்டை. மைக் செட்டுக்குச் சண்டை, அன்னதானப் பருப்புக்குச் சண்டை. தோட்டத்தில் ஒரு பகுதியை வீடமைப்புக்கு விற்றதும் அவர்கள் டவுனுக்குக் குடிபோய்விட்டார்கள், கமிட்டியையும் விட்டார்கள். ஆஸ்பத்திரி லயனுக்கு ஒரே நிம்மதி. அடுத்த கூட்டத்திலேயே மேல் லயன் தேதியை மாற்றிவிட்டது, எதிர்த்துப் பேச ஆள் போதவில்லை. அதுவரை கீழ் லயன் போட்ட கூச்சலில்தான் ஆஸ்பத்திரி லயன் வாயைத் திறக்காமலே காரியம் சாதித்துக்கொண்டிருந்தது. தேதி மாறினபிறகுதான் அவர்களுக்கே உறைத்தது.

போனவரோடு சண்டை போட்டவர் யார் என்று எல்லாரும் கேட்கிறோம். போனவர் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தவர் யார் என்று கேட்டால் நஷ்டம் யாருக்கு என்று தெரியும்.

மார்ச் 5, இரவு

அப்படி முதுகுக்குப் பின்னால் நின்றவர்களில் நம்ம பேராக்காரர்களும் உண்டு. மக்கள் முற்போக்குக் கட்சியை நடத்திய ஈப்போ சீனிவாசகம் சகோதரர்களை மறந்துவிட்டுப் பேசுகிறோம். 1965 மே மாதம், எல்லா இனத்துக்கும் சம உரிமை என்ற 'மலேசிய மலேசியா' கோஷத்தோடு ஒற்றுமை மாநாடு என்று ஓர் எதிர்க்கட்சி அணி உருவானது. சிங்கப்பூரின் மக்கள் செயல் கட்சி, ஈப்போவின் மக்கள் முற்போக்குக் கட்சி, பினாங்கின் ஐக்கிய ஜனநாயகக் கட்சி, சரவாக்கிலிருந்து இரண்டு கட்சி. அதில் ஒரு மாநில அரசாங்கத்தையே கையில் வைத்திருந்தது சிங்கப்பூர்க் கட்சி ஒன்றுதான். ஆகஸ்ட் 9-இல் அது நாட்டை விட்டே போனது. மூன்று மாதத்தில் அணி அநாதை.

தேவன் நாயர் கதை இன்னும் வேடிக்கை. மக்கள் செயல் கட்சி 1964-இல் தீபகற்பத்தில் ஒன்பது நாடாளுமன்றத் தொகுதியில் நின்று ஒன்றில்தான் ஜெயித்தது: பங்சார், தேவன் நாயர். மலாக்காவில் பிறந்தவர், ரப்பர்த் தோட்டக் கிராணியின், அதாவது கணக்கரின், பிள்ளை. பிரிவினைக்கு அப்புறம் அவருடைய கட்சி வெளிநாட்டுக் கட்சி ஆகிவிட்டது, அவர் மட்டும் மலேசிய நாடாளுமன்றத்தில் உட்கார்ந்திருந்தார். அந்த ஒற்றை நாற்காலியைச் சுற்றித்தான் அடுத்த ஆண்டு ஜனநாயக செயல் கட்சி எழுந்தது. பின்னாளில் அவர் சிங்கப்பூருக்கே போய் 1981-இல் அதிபரானார்.

மார்ச் 6

"சிங்கப்பூர் பிரிந்த அந்த நாளில் தோட்டத்தில் என்ன பேசிக்கொண்டார்கள் ஐயா?" என்று ஈப்போவிலிருந்து ஒரு பெண் கேட்டிருக்கிறார்.

அப்பா சொல்லித்தான் தெரியும். திங்கட்கிழமை. மரம் வெட்டு முடிந்து ஸ்டோர் வாசலில் ரப்பர்ப் பால் நிறுக்க வாளியோடு வரிசையில் நிற்கிறார்கள். கிராணி வீட்டு ரேடியோவில் செய்தி வந்ததாம். மூன்றில் இரண்டு பங்கு, 96, 106 எதுவும் எவர் வாயிலும் வரவில்லை. ஒருவருடைய தம்பி சிங்கப்பூர்த் துறைமுகத்தில் கூலி வேலை. அவர் அனுப்பும் பணம் இனிமேல் செல்லுமா என்பதுதான் வரிசை முழுக்கப் பேச்சு. வேலையை மேற்பார்க்கும் தண்டல் மட்டும் 'வாளியைக் கீழே வை, அப்புறம் பேசு' என்று அதட்டிக்கொண்டிருந்தாராம்.

பணம் செல்லத்தான் செய்தது. தனித்தனி நாணயம் வந்ததே 1967-இல்தான்; 1973 வரை இரண்டும் சரிக்குச் சரியாக மாறின. டவுன் மளிகைக்கடைக்காரர் இரண்டையும் ஒரே டப்பாவில்தான் போடுவார். நாடு இரண்டானதைப் பணம் ரொம்பத் தாமதமாகத்தான் ஒப்புக்கொண்டது.

அன்றைக்கு நாடாளுமன்றத்தில் ஓட்டு 126-க்கு 0. ஒரே நாளில் எல்லா வாசிப்பும் முடிந்தது. உடன்படிக்கையில் இரண்டு நாளுக்கு முன்பே கையெழுத்தாகிவிட்டது. தங்கள் பலமே மாறப்போகிற விஷயத்தில் சபா, சரவாக் அரசாங்கங்களைக் கலந்து பேசவில்லை. டோனல்ட் ஸ்டீபன்ஸ் அப்போது மத்திய அமைச்சரவையில் சபா விவகார அமைச்சர். மனம் கசந்து அந்த ஆண்டே விலகினார். அடுத்த ஆண்டு செப்டம்பரில் சரவாக்கில் அவசரநிலை போட்டு, மாநில அரசியலமைப்பை மத்திய நாடாளுமன்றமே திருத்தி, முதலமைச்சர் ஸ்டீபன் கலோங் நிங்கானை இறக்கினார்கள். சிங்கப்பூர் உள்ளே இருந்திருந்தால் இது நடந்திருக்காது என்று சத்தியம் பண்ணமாட்டேன். இவ்வளவு சுலபமாக நடந்திருக்காது என்று நினைக்கிறேன்.

மார்ச் 8

கேள்வி ஐரோப்பாவைப் பற்றியது, நான் ரப்பர்த் தோட்டத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கிறேன். வருகிறேன்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் அமைச்சர்கள் மன்றம்தான் முக்கியம். பெரும்பாலான சட்டங்களுக்கு அங்கே இரட்டைக் கோடு: நாடுகளில் 55 சதவீதம் சேர வேண்டும், அந்த நாடுகளில் ஒன்றியத்தின் ஜனத்தொகையில் 65 சதவீதமாவது இருக்க வேண்டும். தடுக்க வேண்டுமானால் குறைந்தது நான்கு நாடு, 35 சதவீதத்துக்கு மேல் ஜனத்தொகை.

பிரிட்டன் ஏறக்குறைய 13 சதவீதம். அது 2020 ஜனவரி 31-இல் போனதும் ஜெர்மனியின் பங்கு சுமார் 16-இலிருந்து 18.5 ஆனது. பிரான்ஸ் 13-இலிருந்து 15. ஆள் பெரிதாக இருந்தால் ஏற்றமும் பெரிது. மால்டாவுக்கு ஏறியதைக் கண்ணாடி போட்டுத்தான் தேட வேண்டும். ஆளுக்குக் கொஞ்சம் என்ற வாதம் இங்கேயே படுத்துவிட்டது.

இப்போது முதுகுக்குப் பின்னால் நின்றவர்கள். செலவைச் சுருக்கு, வியாபாரத்தைத் திற, பிரஸ்ஸல்ஸுக்கு அதிகாரம் கொடுக்காதே என்ற கட்சி பிரிட்டன், நெதர்லாந்து, சுவீடன், டென்மார்க், பின்லாந்து, பாதி நேரம் ஜெர்மனி. பழைய கணக்கில் இந்த ஆறும் சேர்ந்தால் 36 சதவீதத்தைத் தாண்டும், எதையும் நிறுத்தலாம். பிரிட்டனை எடுத்துவிட்டு ஆஸ்திரியாவைச் சேர்த்தாலும் 30-ஐத் தொடாது. தெற்கே பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின், போர்த்துக்கல், கிரீஸ் ஐந்தும் சேர்ந்தால் முன்பே 38 அளவில் இருந்தது, இப்போது 40-க்கு மேல். அவர்களுக்குத் தடுக்கும் சக்தி அப்படியே இருக்கிறது, வடக்கே இருப்பவர்களுக்குப் போய்விட்டது. இதுதான் நம்ம 106, 96 கதை.

மார்ச் 8, சற்று நேரம் கழித்து

ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் நேர்மாறு. பிரிட்டனின் 73 இடத்தில் 27-ஐ 14 நாடுகளுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். ஸ்பெயினுக்கும் பிரான்ஸுக்கும் ஐந்தைந்து, இத்தாலிக்கும் நெதர்லாந்துக்கும் மும்மூன்று. 46-ஐ நிறுத்திவைத்தார்கள். 751 இடம் 705 ஆனது. மன்றத்தில் அதிகம் வாரிய ஜெர்மனிக்கு இங்கே ஒன்றுகூட இல்லை, 96-க்கு மேல் யாருக்கும் கிடையாது என்று உச்சவரம்பு.

கட்சிக் கணக்கு இன்னும் சுவாரசியம். பெரிய கட்சிக் குழுவான ஐரோப்பிய மக்கள் கட்சி ஓர் ஆளைக்கூட இழக்கவில்லை, ஏனென்றால் பிரிட்டிஷ் கன்சர்வேட்டிவ் கட்சி 2009-லேயே அதை விட்டுப் போய்விட்டது. பசுமைக் கட்சிக் குழு ஆட்களை இழந்து, தீவிர வலதுசாரிக் குழுவுக்குப் பின்னால் போய் நின்றது. அந்தப் பசுமைக்காரர்களில் எத்தனை பேர் பிரெக்சிட்டுக்கு எதிராகத் தொண்டை கிழியக் கத்தினார்கள்!

மார்ச் 9

ஒரு சிரிப்பு. லண்டனில் இருந்த இரண்டு ஒன்றிய அமைப்புகளை யார் வீட்டுக்குக் கொண்டுபோவது என்று 2017 நவம்பர் 20-இல் ஓட்டெடுத்தார்கள். மருந்து முகமைக்கு ஆம்ஸ்டர்டாமும் மிலானும் சமம். வங்கி ஆணையத்துக்குப் பாரிஸும் டப்ளினும் சமம். இரண்டையும் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்தார்கள்! ஆம்ஸ்டர்டாமுக்கும் பாரிஸுக்கும் அடித்தது. இத்தனை ஒப்பந்தம், இத்தனை சதவீதம் எல்லாம் போட்டுவிட்டு கடைசியில் குலுக்கல். நம்ம டவுனில் லாட்டரி நம்பர் எழுதுகிறவர்கள் கேட்டால் பிரஸ்ஸல்ஸுக்கு டிக்கெட் போட்டுவிடுவார்கள்.

மார்ச் 11

நேற்று முழுக்க ஒரு நெருடல். வடக்கு அணிக்குத் தடுக்கும் சக்தி போய்விட்டது, சரி. அதனால் அவர்கள் தோற்றார்களா?

2020 ஜூலையில் கொரோனா மீட்பு நிதி: 750 பில்லியன் யூரோ, ஒன்றியமே சேர்ந்து கடன் வாங்குவது. அதற்கு எல்லா நாடும் சம்மதிக்க வேண்டும். லண்டன் மேஜையில் இருந்திருந்தால் ஒற்றை ஆளாகவே நிறுத்தியிருக்கும் என்பது என் ஊகம். இதுவரை என் வாதம் நிற்கிறது. ஆனால் ஆஸ்திரியா, டென்மார்க், நெதர்லாந்து, சுவீடன் நான்கும் 'சிக்கன நால்வர்' என்று பெயர் வாங்கிக்கொண்டு விடிய விடிய மல்லுக்கட்டி, திருப்பித் தர வேண்டாத மானியத்தை 500 பில்லியனிலிருந்து 390-க்கு இறக்கினார்கள். பிரிட்டன் போனதோடு, ஒன்றியத்துக்குக் கட்டும் சந்தாவில் சிலருக்கு இருந்த சலுகையும் ஒழியட்டும் என்ற பேச்சு இருந்தது; தங்கள் சலுகையையும் காப்பாற்றிக்கொண்டார்கள். பிரிட்டன் இருந்த காலத்தில் இந்த நால்வரின் பெயர் நம்ம பேப்பரில் வந்ததுண்டா?

எங்கள் ஆஸ்பத்திரி லயன்காரர்களும் அப்படித்தான். தேதி மாறின மறு வருடம் அவர்களுடைய சத்தம்தான் கமிட்டியில் பெரிய சத்தம்.

ஜெர்மனியைக் கவனியுங்கள். அந்த ஆண்டு மே மாதமே பிரான்ஸோடு சேர்ந்து கூட்டுக் கடனுக்குக் கை கொடுத்துவிட்டது. வடக்கு அணி என்று நான் எட்டாம் தேதி கூட்டிக் காட்டியதில் பாதி ஜெர்மனி. அது இடம் மாறினால் என் 36 சதவீதம் முன்பும் காகிதம்தான். கிள்ளான் தம்பிக்குச் சொன்ன பதில் எனக்கும் பொருந்துகிறது.

மார்ச் 12

சிரம்பானிலிருந்து ஒருவர், "ஒருவர் போனால் ஒன்றியமே கலைந்த கதை இல்லையா?"

இருக்கிறது, பத்துப் பகுதிகள் சேர்ந்த மேற்கிந்தியக் கூட்டரசு. ஜமைக்காவிடம் பாதிக்கு மேல் ஜனத்தொகை, ஆனால் 45 இடத்தில் 17தான். 1961 செப்டம்பரில் பொதுவாக்கெடுப்பு வைத்து வெளியேறியது. டிரினிடாட்டின் தலைவர் எரிக் வில்லியம்ஸ், பத்தில் ஒன்று போனால் மிச்சம் பூஜ்யம் என்றார். அவர் தீவுதான் அடுத்த பெரிய ஆள். 28-இல் 10 இடம், நினைத்திருந்தால் கூட்டரசை ஆட்டிப்படைத்திருக்கலாம். ஆனால் எட்டுச் சின்னத் தீவுகளின் செலவும் அவர் தலையில்தான் விழும். வேண்டாம் என்று அவரும் கிளம்பினார். 1962 மே 31-இல் மூடுவிழா.

மார்ச் 15

கிள்ளான் தம்பி விடுவதாக இல்லை: "அப்படியானால் 1965-க்குப் பிறகு சபா, சரவாக் செல்லாக்காசுதானே?"

இல்லை. இங்கேதான் நான் நிதானமாகப் பேச விரும்புகிறேன். 1969 தேர்தலில் கூட்டணி தீபகற்பத்தில் 89-இலிருந்து 66-க்கு விழுந்தது. 96-க்கு முப்பது குறைவு. 1971 பிப்ரவரியில் நாடாளுமன்றம் மறுபடி கூடியபோது அரசியலமைப்புத் திருத்தத்துக்குப் போர்னியோ ஓட்டு இல்லாமல் ஆகாது. முந்தின ஆண்டு சரவாக்கின் ஐக்கிய மக்கள் கட்சியைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டது சும்மாவா? அது ஒற்றுமை மாநாட்டில் இருந்த கட்சி!

2008-இல், பழைய கூட்டணியின் வாரிசான தேசிய முன்னணி வென்ற 140-இல் 55 சபா, சரவாக், லாபுவானிலிருந்து. தீபகற்பத்தில் 165-க்கு 85தான். அன்றைக்கு ஆட்சி நின்றதே கடலுக்கு அந்தப் பக்கத்து ஓட்டில். 2022-இல் யாருக்கும் பெரும்பான்மை இல்லை. 23 இடத்தோடு சரவாக் கட்சிகள் கூட்டணி உட்கார்ந்திருந்தது. அந்தப் பக்கத்திலிருந்து முதல் முறையாக ஒரு துணைப் பிரதமர், படில்லா யூசோப்.

பங்கைப் பார்த்தால் 222-இல் 56, அதே 25 சதவீதம், 1963-இல் இருந்த அளவுதான். தீபகற்பத்தில் இருப்பவர்கள் ஒற்றுமையாக இருந்தவரை அந்த 25 எதற்கும் ஆகவில்லை. அவர்கள் இரண்டாக, மூன்றாக உடைந்ததும் அதே 25-க்கு விலை ஏறிவிட்டது. சிங்கப்பூர் வெளியேறியபோது இழந்ததை, தீபகற்பத்துச் சண்டை அவர்களுக்குத் தவணையில் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. சண்டை தீர்ந்தால் தவணையும் நிற்கும். அதனால்தான் அவர்கள் சட்டத்திலேயே எழுதிக் கொடு என்கிறார்கள்.

மார்ச் 16

சபா, சரவாக்குக்காரர்கள் நாடாளுமன்றத்தில் மூன்றில் ஒரு பங்கு இடம் கேட்கிறார்களே, எத்தனை இடம் கொடுத்தால் தீரும் என்று அதே ஈப்போப் பெண் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி அம்மா, பென்சில் எடுத்தேன்.

தீபகற்பத்தின் 165-ஐத் தொடாமல் விட்டால், லாபுவானையும் சேர்த்து அந்தப் பக்கம் 83 வேண்டும். இப்போது 57. ஆக 26 புது இடம். மொத்தம் 248, மூன்றில் இரண்டு பங்கு 166. தீபகற்பம் முழுக்கச் சேர்ந்தாலும் ஒன்று குறையும். 82 கொடுத்தால் பிரயோசனமில்லை, கோடு 165-இல் நின்றுவிடும்.

இதைச் சட்டமாக்க இன்றைய சபையில் 148 ஓட்டு வேண்டும். அந்தப் பக்கத்து 57 பேரும் கை தூக்கினாலும் தீபகற்பத்திலிருந்து 91 பேர் தேவை. 2019-இல் சபா, சரவாக்கின் சம பங்காளி அந்தஸ்தை மீட்கும் திருத்தம் 138 ஓட்டு வாங்கி விழுந்தது. 59 பேர் கை தூக்காமல் உட்கார்ந்திருந்தார்கள், அவர்களில் சரவாக்கின் சொந்த உறுப்பினர்களும் உண்டு, திருத்தத்தின் வாசகம் போதாது என்று. 2021 டிசம்பரில் வாசகத்தை மாற்றிக் கொண்டுவந்தபோது 199. அந்தஸ்து கொடுப்பதில் தீபகற்பத்துக்காரர் யாருக்கும் நாற்காலி போகாது. இந்த 26 இடம் அப்படியல்ல, நம்ம ஓட்டின் எடை குறையும். சுங்கை சிப்புட் உறுப்பினர் இதற்குக் கை தூக்கட்டும் என்று நான் சொல்வேன். எங்கள் தெருவில் சாப்பாட்டுக் கடையில் கேட்டுப்பார்த்தேன், கடைக்காரரைத் தவிர யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. கடைக்காரருடைய மருமகளுக்குச் சரவாக்கின் மீரிதான் ஊர்.